வாட்டர்ஃபோர்டில் இரண்டு சம்பந்திகள்

போன மாதம் டப்ளினில் பேத்திக்கு ஆண்டுநிறைவு. நான் கும்பகோணத்திலிருந்து போயிருந்தேன், சம்பந்தியம்மா தூத்துக்குடியிலிருந்து. இரண்டு அறை ஃபிளாட்டில் இரண்டு பாட்டிகள், ஒரு குழந்தை, ஒரே ஒரு அடுப்படி. முதல் வாரம் "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டோம். மூன்றாவது வாரம், ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா முழுசாகப் போடுவதா என்பதில் வந்து நின்றது. சத்தமெல்லாம் இல்லை. சம்பந்திகள் சத்தம் போட்டுக்கொள்ள முடியாது, அதுதான் கஷ்டமே.

மாப்பிள்ளைக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். "அம்மா, அத்தை, ரெண்டு பேரும் நாலு நாள் கடல் பாத்துட்டு வாங்க" என்று வாட்டர்ஃபோர்டுக்கு ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். அயர்லாந்தின் தென்கிழக்கு மூலை அது. வெயில் அதிகம் விழும் பகுதி என்று ‘சன்னி சவுத் ஈஸ்ட்’ எனப் பட்டப்பெயரே உண்டாம். அன்றன்று இரவு போனில் எழுதி மகளுக்கு அனுப்பியதைத்தான் கொஞ்சம் திருத்தி இங்கே போடுகிறேன்.

ஜூன் 11, புதன்

வாட்டர்ஃபோர்டில் இறங்கும்போது மழை. ஊர் ஷூர் ஆற்றின் தென்கரையில், ஸ்டேஷன் வடகரையில். நடுவில் ரைஸ் பாலம். பெட்டியை இழுத்துக்கொண்டு பாலத்தின் பாதிக்கு வந்திருப்போம், ஆற்றின் மேலிருந்து ஒரு காற்று வந்தது. என் மூன்று மடிப்புக் குடை தாமரை மாதிரி மேல்நோக்கி மலர்ந்து, துணி தனியாகக் கம்பி தனியாகப் பிரிந்தது. எதிரே வந்த ஒரு பையன் ஓடிப்போய்த் துணியைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு "சாரி" என்றான். காற்றை அவன் ஏவிவிட்டது போல.

வைகிங்குகள் 914இல் இங்கே வந்து குடியேறினார்கள். அயர்லாந்தின் மிகப் பழைய நகரம் இதுதான். அவர்கள் வைத்த பெயருக்கு ஆட்டுக்கிடாவின் கடற்கழி என்று பொருள் சொல்கிறார்கள் சிலர், காற்றடிக்கும் கடற்கழி என்கிறார்கள் சிலர். குடையை இழந்தவள் என்ற முறையில் நான் இரண்டாவது கட்சி.

அடுத்த இடி தங்குமிடத்தில் இறங்கியது. மாப்பிள்ளை ‘டபுள் ரூம்’ என்று பதிவு செய்திருந்தார், டபுள் என்றால் இரண்டு கட்டில் என்ற நினைப்பில். அறைக்குள் போனால் பூப்போட்ட விரிப்போடு ஒரே கட்டில். வாசலில் நின்று இரண்டு பேரும் அதையே பார்த்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால் வார இறுதிவரை எல்லா அறையும் நிரம்பிவிட்டது என்று ரொம்பவும் வருத்தப்பட்டு, இரண்டு தலையணையைக் கூடுதலாகக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தலையணைகளை நடுவில் நீளமாக வைத்தோம், வரப்பு மாதிரி.

கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது பிள்ளைகளுக்கு. இந்த ஆறு வருஷத்தில் சம்பந்தியம்மா முன்னால் நான் கால் நீட்டி உட்கார்ந்தது இல்லை. அவர் என்னை "மதினி" என்பார், அது அவர்கள் ஊர் வழக்கம். நான் "சம்பந்திம்மா" என்பேன். அவ்வளவு நெருக்கத்தில்தான் இருந்தோம். ராத்திரி பத்து மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் போகவில்லை. அவர் விறகுக்கட்டை மாதிரி அசையாமல் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது. நானும் தூங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் பிளா. இந்த ஊர்க்காரர்கள் வேறெதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். உள்ளங்கை அளவு, வெள்ளை வெளேர் என்று, மேலே மாவு அப்பிய பன். பக்கத்துப் பன்னோடு ஒட்டி வெந்ததால் ஓரமெல்லாம் பிய்த்த பஞ்சு மாதிரி. காலையில் சுட்டதை மத்தியானத்துக்குள் தின்றுவிட வேண்டும், அப்புறம் காய்ந்துவிடும். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. எங்கள் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல்தான் கிடைத்தது. பன்னுக்கு முந்திக்கொண்டார்கள்.

கடிக்கும்போது மாவு மூக்கில் ஏறும், தப்பவே முடியாது. "மதினி, மூக்குல திருநீறு" என்றார் சம்பந்தியம்மா. ஊருக்கு வந்தபின் அவர் அடித்த முதல் ஜோக்.

பலகையில் ‘ரெட் லெட் பிளா’ என்று ஒன்று எழுதியிருந்தது. சம்பந்தியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க ஊர்ல போட்டுக்குத் துரு பிடிக்காம அடிக்கிற பெயின்ட்டுல்ல அது?" விசாரித்தால், பன்றி இறைச்சியில் செய்த சிவப்பு நிற வில்லையை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். துறைமுக ஊர்க்காரர்களுக்குச் சிவப்பைப் பார்த்தால் எல்லா இடத்திலும் அதே ஞாபகம்தான் வரும்போல. நாங்கள் முட்டை வைத்த பிளா வாங்கினோம், ஒன்று 6 யூரோ. எதையும் நூறால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்ப்பது சம்பந்தியம்மா வழக்கம். "அறுநூறு ரூவாக்கு ஒரு பன்னு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார். தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை.

பார்க்க வேண்டியது எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கிறது. ஆற்றோரம் ரெஜினால்ட்ஸ் டவர் என்ற வட்டக் கோபுரம், சுவரில் ஒரு பீரங்கிக் குண்டு பதிந்து அப்படியே நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, ஐரிஷ் மூவர்ணக் கொடியை முதன்முதலில் 1848 மார்ச்சில் ஏற்றிய வீடு. இதையெல்லாம் மழைக்கு நடுவில் எட்டிப் பார்த்ததோடு சரி.

நிஜமாக நின்றது கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில். பதினைந்தாம் நூற்றாண்டில் பதினோரு முறை மேயராக இருந்த ஜேம்ஸ் ரைஸின் கல்லறை அங்கே உள்ளது. கல்லறையின் மேல் அங்கியும் வாளுமாக மிடுக்காகப் படுத்திருப்பார் என்று பார்த்தால், செதுக்கியிருப்பது அழுகிப்போன பிணத்தை. விலா எலும்பு துருத்தி நிற்கிறது, புழு நெளிகிறது, வயிற்றின் மேல் ஒரு தவளை. ஊருக்கே பெரிய மனிதர் தம்மை இப்படி வடிக்கச் சொல்லியிருக்கிறார். சித்தர்கள் பாட்டில் சொன்னதை இவர் காசு கொடுத்துக் கல்லில் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மா ரொம்ப நேரம் தவளையையே பார்த்தார். "தேரைன்னு நினைக்கேன்" என்றார் கடைசியில்.

இதே இடத்தில் இருந்த பழைய பேராலயத்தில்தான் 1170இல் ஒரு கல்யாணம் நடந்தது. லெய்ன்ஸ்டர் அரசர் டெர்மட், தம் எதிரிகளை அடக்க உதவி கேட்டு நார்மன் பிரபு ஸ்ட்ராங்போவை அழைத்தார். கூலியாகத் தம் மகள் ஈஃபாவையும் தமக்குப் பின் ராஜ்யத்தையும் தருவதாகப் பேச்சு. ஸ்ட்ராங்போ வாட்டர்ஃபோர்டைப் பிடித்த கையோடு கல்யாணமும் முடிந்தது. அடுத்த வருஷமே இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி படையோடு வந்து இறங்கினார், அதற்கப்புறம் பல நூறு வருஷத்துக்கு இங்கிலீஷ்காரர்கள் கிளம்பவில்லை. "சம்பந்தம் பேசும்போது விசாரிச்சுப் பேசணும்" என்றார் சம்பந்தியம்மா. என்னைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை.

இன்னொரு விஷயம். இந்த புராட்டஸ்டன்ட் பேராலயத்தைக் கட்டிய ஜான் ராபர்ட்ஸ்தான் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கத்தோலிக்கப் பேராலயத்தையும் கட்டியிருக்கிறார். சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஒரே கொத்தனார். கத்தோலிக்கக் கோயிலின் உள்ளே உள்ளூர்க் கண்ணாடியில் செய்த சரவிளக்குகள் தொங்குகின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிப் பட்டறைக்குப் போகும் ஆசை வந்தது.

வாட்டர்ஃபோர்டு கிரிஸ்டல் 1783இல் தொடங்கி, 1851இல் மூடி, 1947இல் மறுபடி முளைத்தது. பெரிய தொழிற்சாலையை 2009இல் மூடியபோது வேலையாட்கள் உள்ளே உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். இப்போது நகர நடுவில் சின்னதாக, பார்வையாளர்களுக்கும் திறந்துவிட்ட பட்டறை. உலையிலிருந்து ஊதுகுழல் நுனியில் தேன் மாதிரி வழியும் கண்ணாடியை எடுத்து, ஈரமான மர அச்சுக்குள் ஊதுகிறார்கள். எனக்குப் பிடித்தது வெட்டும் பகுதி. வெறும் ஜாடியின் மேல் கறுப்புப் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பூவோ நட்சத்திரமோ வரைந்து வைப்பதில்லை. அது வெட்டுகிறவர் மனசில் இருக்கிறது. கோடுகள் அளவுக்கு மட்டும், புள்ளிக் கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி. ஜாடியைச் சக்கரத்தில் அழுத்தி, ஒளியில் தூக்கிப் பார்த்து, மறுபடி அழுத்துகிறார். கை தவறினால் இரண்டாந்தரம் என்று குறைத்து விற்பதில்லை, உடைத்து உலைக்கே அனுப்பிவிடுகிறார்கள். மார்கழியில் கோலம் கோணினால் நானும் அழித்துவிட்டுத்தான் போடுவேன், ஆனால் எனக்கு அரிசி மாவுதான் நஷ்டம்.

கடையில் ஒரு சின்னக் கிண்ணத்தின் விலையைப் பெருக்கிப் பார்த்த சம்பந்தியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார், பை பட்டு ஏதாவது விழுந்துவிடக்கூடாது என்று.

மழை விட்ட மாதிரி இருந்ததால் சாயங்காலம் பஸ் பிடித்து டன்மோர் ஈஸ்ட். ஓலைக்கூரை போலப் புல் வேய்ந்த வீடுகள், மீன்பிடித் துறைமுகம். துறைமுகத்தை ஒட்டிய செங்குத்துப் பாறையில் கிட்டிவேக் என்ற கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் கூடு கட்டியிருக்கின்றன. "கிட்டிவே...க், கிட்டிவே...க்" என்று தம் பெயரையே கத்துகின்றன. அந்தச் சத்தத்திலும் எச்ச நாற்றத்திலும் சம்பந்தியம்மா முகம் மலர்ந்ததை முதல் முறையாகப் பார்த்தேன். "எங்க ஊரு வாடை" என்றார். எதிர்க்கரையில் தூரத்தில் ஹூக் கலங்கரை விளக்கம், எண்ணூறு வருஷத்துக் கட்டடம், கறுப்பு வெள்ளைப் பட்டையோடு ஒற்றையாக நின்றது. இந்த ஒற்றையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். காதில் பாட்டு கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட. நாங்களும் சொன்னோம். "குட் லக், கேர்ள்ஸ்" என்றார் அவர். எனக்கு அறுபத்தொன்று, அவருக்கு அறுபத்துமூன்று.

ஜூன் 13, வெள்ளி

ட்ராமோர். பெயருக்கு ஐரிஷில் ‘பெரிய மணற்கரை’ என்றே பொருள். நகரத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி. முன்பு இதற்கென்றே ஒரு ரயில் ஓடியிருக்கிறது, நாட்டின் வேறு எந்தத் தடத்தோடும் சேராமல், வாட்டர்ஃபோர்டு ட்ராமோர், ட்ராமோர் வாட்டர்ஃபோர்டு என்று 1853 முதல் 1960 முடியும்வரை நூறு வருஷத்துக்கு மேல் போய்ப்போய் வந்திருக்கிறது. நகரத்து ஜனங்களைக் கடலில் கொண்டுபோய் விடுவதைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லை.

தூறல். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்து "சாஃப்ட் டே" என்றார். நனைவது தெரியாமல் நனைகிற இந்த மழைக்கு இவர்கள் வைத்த பெயர் ‘மென்மையான நாள்’. எங்கள் ஊரில் நசநச என்போம்.

கடற்கரை 5 கிலோமீட்டர் நீளம், கடைசியில் மணல்மேடுகள். நாங்கள் போனபோது ஒரு மணி இருக்கும், கடல் எங்கோ உள்வாங்கிக் கிடந்தது. ஈர மணல் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதன் மேல் அடிக்கு ஒன்றாக மணலே சுருள் சுருளாகக் குவிந்து கிடந்தது, இடியாப்பம் பிழிந்து விட்ட மாதிரி. குனிந்து விரலால் தொட்டேன், உதிர்ந்துவிட்டது. "புழு, மதினி. உள்ள இருந்து மணலைத் தின்னு வெளிய தள்ளுது. எங்க பக்கம் இதை எடுத்துத்தான் தூண்டில்ல மாட்டுவாவ" என்றார் சம்பந்தியம்மா. கடல் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். நடை மாறிவிட்டது, குரல் ஏறிவிட்டது. அப்பா உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். கடலுக்கு அரை மைலில் பிறந்து வளர்ந்தவர். நான் காவேரிக்காரி, அதிலும் பாதி நாள் மணல்.

எனவே செருப்பையும் பையையும் எங்கே வைப்பது என்று அவர்தான் முடிவு செய்தார். காய்ந்த பாசிக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கல் பக்கத்தில். "இங்க வரைக்கும்லாம் தண்ணி வராது, எனக்குத் தெரியாதா." பையில் ஃபிளாஸ்க், துண்டு, மூன்று வாழைப்பழம். வெறுங்காலோடு மணல்மேடு நோக்கி நடந்தோம். காற்று முதுகில் தள்ளியதால் நடப்பதே தெரியவில்லை. திரும்பும்போது அதே காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது, ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வந்து பார்த்தால் கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தில் கடல்.

விஷயம் இதுதான். தூத்துக்குடிக் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள். இங்கே பௌர்ணமி அமாவாசையை ஒட்டி நான்கு மீட்டர் வரை ஏறும், அதுவும் இப்படித் தட்டையான மணலில் ஏறினால் ரொம்ப தூரம் உள்ளே வந்துவிடும். புதன்கிழமைதான் பௌர்ணமி. சம்பந்தியம்மாவின் அறுபத்துமூன்று வருஷக் கடல் அனுபவமும் அந்தக் கல்லோடு முழுகிவிட்டது.

அவர் வாயே திறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது பூண்டு விஷயத்தில் நானே விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. அப்போது மேலே சுவர் பக்கத்திலிருந்து ஒரு குரல். நாயோடு ஒரு தாத்தா, எங்கள் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வருவதைப் பார்த்து எடுத்து வைத்தாராம், யாருடையது என்று தெரியாததால் காத்திருந்தாராம். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு "அதொன்றும் இல்லை" என்பதோடு முடித்துக்கொண்டார். நாயின் தாடியெல்லாம் தூறலில் சொட்டிக்கொண்டிருந்தது, அதுதான் பதில். என் செருப்பு இரண்டும் இருந்தன. சம்பந்தியம்மாவுடையதில் வலது கால் மட்டும்.

ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதிக்கு வந்தோம். 9 யூரோவுக்கு ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் செருப்பு. பெருக்கிப் பார்க்கவே இல்லை அவர்.

பசி. மீன் சிப்ஸ் கடை வாசலில் வரிசை தெருவரை நின்றது. வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்த்து மீன் சாப்பிடுவது பழைய கத்தோலிக்க வழக்கம், கோயிலுக்குப் போகாதவர்களும் மீனை மட்டும் விடவில்லை போலிருக்கிறது. சம்பந்தியம்மாவோ வெள்ளிக்கிழமை மீனைத் தொடமாட்டார். ஊரே மீனுக்கு நிற்கிற நாளில் மீன் தின்றே வளர்ந்தவர் விரதம். சரி, சிப்ஸாவது என்று வரிசையில் நின்றோம். எதற்கும் கேட்போம் என்று என்ன எண்ணெய் என்று கேட்டேன். "எண்ணெய் இல்லை, மாட்டுக் கொழுப்பு. அதுதான் ருசி" என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு மூன்று வாழைப்பழம், அப்புறம் ஆளுக்கொரு கோன் ஐஸ்கிரீம். 15 டிகிரி குளிரில், காற்றில் ஐஸ்கிரீம் கிடையாகப் பறந்து என் சால்வையில் அப்பியது. பக்கத்தில் ஒரு குடும்பமே அதே காற்றில் அதே ஐஸ்கிரீமைச் சாவதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பஜ்ஜி ஒன்று இருந்தால், சுடச்சுட ஒரே ஒரு மிளகாய் பஜ்ஜி இருந்தால், இந்தக் கடற்கரை எங்கேயோ போய்விடும்.

இந்த அமைதியான விரிகுடாதான் கப்பல்களின் எமன். 1816 ஜனவரி 30 அன்று ‘ஸீ ஹார்ஸ்’ என்ற கப்பல் புயலில் சிக்கி இங்கே உடைந்தது. நெப்போலியனோடு போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள் என்று 350 பேருக்கு மேல் கரைக்கு எதிரிலேயே போனார்கள். வாட்டர்ஃபோர்டு துறைமுக வாய் என்று நினைத்து இந்த ஆழமில்லாத விரிகுடாவுக்குள் கப்பல்கள் நுழைந்துவிடக்கூடாது என்று அதற்கப்புறம் தூண்கள் கட்டினார்கள். கணக்கு எளிது. ஹூக்கில் ஒற்றைக் கோபுரம். விரிகுடாவின் கிழக்கு முனையில் இரண்டு தூண். மேற்கு முனையில் மூன்று தூண். ஒன்று தெரிந்தால் அதைச் சுற்றி உள்ளே போ, இரண்டோ மூன்றோ தெரிந்தால் விலகிப் போ. எழுத்துத் தெரியாத மாலுமிக்கும் எண்ணத் தெரியும்.

"செருப்புக்கும் ஒரு தூண் கட்டிருக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா. அப்பாடா, பேசிவிட்டார்.

ஜூன் 14, சனி

வெயில்! காலை ஐந்து மணிக்கே ஜன்னலில் அடித்தது. விழித்துப் பார்த்தால் தலையணை வரப்பு கீழே கிடக்கிறது, சம்பந்தியம்மா என் போர்வையின் முக்கால் பாகத்தோடு நன்றாகக் குறட்டை.

மறுபடி ட்ராமோர், இந்தத் தடவை மேற்குப் பக்கம். மூன்று தூணில் நடுத்தூணின் மேல் ஒரு இரும்பு மனிதன் நிற்கிறான். 1823இல் வைத்தது. நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மாலுமி உடுப்பு. ஒரு கையைக் கடலைப் பார்த்து நீட்டியபடி. வீட்டுக்கார அம்மா காலையில் ஒரு சங்கதி சொன்னார். கல்யாணமாகாத பெண் அந்தத் தூணை வெறுங்காலோடு நொண்டியடித்து மூன்று சுற்று வந்தால் வருஷத்துக்குள் கல்யாணம். சம்பந்தியம்மா கையிலிருந்த பிளாவைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய சின்னப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு, பெங்களூரில் வேலை, ஜாதகம் வந்த மணியமாக இருக்கிறது.

"மதினி, பொண்ணுக்குப் பதிலா அம்மா அடிச்சா பலிக்குமா?"

கோயிலில் பிள்ளைக்காகப் பெற்றவர்கள் அங்கப்பிரதட்சணம் செய்வதில்லையா என்று நானும் ஏற்றிவிட்டேன்.

ஆனால் தூண்கள் இருப்பது தனியார் நிலம், உள்ளே விடுவதில்லை. தூரத்திலிருந்து பார்க்கத்தான் முடியும். அப்படிப் பார்க்கப் போன இடம் கில்லமீன். பாறைக்கு நடுவே கான்கிரீட் படிகள் இறங்கி நேராக ஆழக் கடலில் முடிகின்றன, கைப்பிடிக் கம்பியோடு, நம் ஊர்ப் படித்துறை மாதிரியே. மேலே ஒரு பழைய பலகை: ‘ஆண்கள் மட்டும்’. கீழேயே இன்னொன்று, பழைய காலத்தின் நினைவாக இதை விட்டுவைத்திருக்கிறோம் என்று. அந்தப் பலகைக்கு அடியில் எங்கள் வயதுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், முழங்காலுக்குக் கீழே தொங்கும் பெரிய கோட்டும் கம்பளிக் குல்லாவுமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி சொட்டச்சொட்ட. தினமும் வருகிறார்களாம், ஜனவரியிலும். இன்றைக்குத் தண்ணீர் 13 டிகிரி, "சூப்பு மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

சம்பந்தியம்மா பலகையை இரண்டு தடவை படித்தார். "எங்க அப்பா எழுதுன போர்டு மாதிரியே இருக்கு" என்றார். கடலுக்கு அரை மைலில் வளர்ந்தும், அண்ணன் தம்பியெல்லாம் கடலில் கிடந்து வளர்ந்தும், பெண் பிள்ளைகளுக்குக் கணுக்கால் வரைதான் அனுமதி. அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை. துப்பட்டாவை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். மூக்குத்தி திருகைச் சரிபார்த்தார். ஊதாச் செருப்பைக் கழற்றி, மேல் படியில், ஒன்றல்ல, ஆறேழு படி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"சம்பந்திம்மா, வேணாம்" என்றேன். "பிடிச்சுக்கிடுவேன் மதினி" என்று கம்பியைக் காட்டினார்.

சுடிதாரோடு ஒவ்வொரு படியாக. முழங்கால். இடுப்பு. இடுப்பில் தண்ணீர் தொட்டபோது "ஆத்தாடி!" என்று ஒரு கத்து, பாறையில் மோதித் திரும்பி வந்தது. கோட்டுக்காரப் பெண்கள் எல்லோரும் படிக்கு வந்துவிட்டார்கள். "இறங்கிட்டா சரியாயிடும், கேர்ள்!" இரண்டு பேர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அவருக்கு இரண்டு பக்கமும் தண்ணீரில் இறங்கி நின்றார்கள், கேட்காமலே. கழுத்து வரை போனார். கம்பியை விடவில்லை. சுடிதார் காற்றடைத்துக் குடை மாதிரி சுற்றி மிதந்தது. ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு இருக்கும். நாக்கை நீட்டித் தண்ணீரைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "உப்பு நம்ம ஊர் அளவுக்கு இல்ல!"

நானா? முழங்கால் வரை. அதற்கே கால் மரத்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

மேலே வந்ததும் ஒருவர் தன் கோட்டைச் சம்பந்தியம்மா மேல் போர்த்தினார், ஒருவர் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றினார், இன்னொருவர் சாக்லேட் பிஸ்கட்டை வாயிலேயே வைத்துவிட்டார். முட்டை சேர்த்திருக்குமா என்று சனிக்கிழமை அவர் கேட்பார், கேட்கவில்லை. பல் தந்தியடித்ததில் பேச வரவில்லை. யார், எந்த ஊர் என்று அப்புறம்தான் விசாரித்தார்கள். நாங்கள் இருவரும் என்ன உறவு என்பதை விளக்கத்தான் சிரமப்பட்டேன். "என் பெண்ணின் கணவரின் அம்மா" என்றேன். இதற்கு உங்கள் மொழியில் தனி வார்த்தை இருக்கிறதா என்று ஒருவர் ஆச்சரியமாகக் கேட்டு, "சம்பந்தி, சம்பந்தி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கார் நிறுத்துமிடத்துக்கு ஏறி வந்தால் எதிரே முனையில் மூன்று தூண், நடுவில் இரும்பு மனிதன், சுண்டுவிரல் உயரத்தில். சம்பந்தியம்மா நின்றுவிட்டார். ஏற்கெனவே வெறுங்கால். பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. நான் தோளைப் பிடித்துக்கொள்ள, இரும்பு மனிதனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெஞ்சைச் சுற்றி நொண்டியடிக்க ஆரம்பித்தார். ஈரச் சுடிதார் படக் படக் என்று அடித்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் பாதி வந்ததும் முட்டி சம்மதிக்கவில்லை.

"ரெண்டரைக்கு என்ன பலன்?" என்றார் மூச்சு வாங்க.

"நிச்சயதார்த்தம் வரைக்கும் வரும்" என்றேன். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டோம். வீடியோ என் போனில் இருக்கிறது. அவர் அனுமதியோடு பெங்களூருக்கு அனுப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. மழை திரும்பிவிட்டது. பேத்திக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு டஜன் பிளா வாங்கினோம். மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்று தெரிந்தேதான். ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டியதில் பெட்டி முழுக்க டன்மோர் ஈஸ்ட் வாடை. பாலத்தில் அதே காற்று. இந்தத் தடவை குடையை விரிக்கவே இல்லை.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் காலை எதிர் ஸீட்டில் நீட்டிக்கொண்டோம். கில்கென்னி தாண்டும்போது சம்பந்தியம்மா போனில் டிங் என்றது. பெங்களூரிலிருந்து பதில்.

"அம்மா, கால்ல என்ன ஆச்சு? டாக்டரைப் பார்த்தியா?"

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மதினி, அந்தப் பன்னுல ஒண்ணு எடுங்க."